பருவுக்குத் தைலமா? கொஞ்சம் பொறுங்கள்

கோத்தகிரி நண்பருக்கு, பையன் முகப்பருவின் மேல் யூகலிப்டஸ் தைலத்தை அப்படியே தடவி, கன்னம் சிவந்து எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் தைலத்தை நிறுத்துங்கள். மிதமான சோப்பால் கழுவிவிட்டு இரண்டு மூன்று நாள் எதுவும் தடவ வேண்டாம். கொப்புளம் கண்டால் தோல் டாக்டர்தான்.

பருவுக்கு நல்லது என்று யாரோ உங்களுக்குச் சொன்னது டீ ட்ரீ ஆயிலாக இருக்கும். நம் தோட்டத்துத் தேயிலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது ஆஸ்திரேலியாவின் மெலலூகா மரத்து இலையிலிருந்து வடிப்பது. (யூகலிப்டஸ் என்கிற நம் கற்பூர மரமும் அந்த ஊர்க்காரர்தான், எண்ணெய்தான் வேறு.) 1990இல் அங்கே 124 பேரிடம் சோதித்ததில் 5 சதவீத டீ ட்ரீ ஜெல் பருவைக் குறைத்தது. பருவுக்கு வழக்கமாகத் தடவும் மருந்தான பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாகத்தான், ஆனால் எரிச்சல் குறைவு.

அதனால் எண்ணெயாக வாங்காமல் 5 சதவீத ஜெல்லாகவே கேட்டு வாங்குங்கள். முழங்கை மடிப்பில் துளி தடவி ஒரு நாள் பாருங்கள், அப்புறம் முகம். கண்ணோரம் வேண்டாம், வாயில் படவே கூடாது.

தேதியையும் பாருங்கள். ஜன்னலோரம் மாதக்கணக்கில் கிடந்த டீ ட்ரீ ஆயில் புட்டியைத் திறந்து தடவிக்கொண்டு தாடை முழுக்கச் சொறிந்தவன் நான். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானால் அந்த எண்ணெயே அலர்ஜியைக் கிளப்பும்.