நாலு வரிப் பேச்சு

வணக்கம் சார்,

நீங்கள் ஓரிடத்தில் குறிப்பிட்டிருந்ததால் அமெரிக்க ‘கன்ட்ரி’ இசைப் பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸின் ‘ஹீ ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே’ பாட்டைத் தேடிக் கேட்டேன். குரல் அப்படியே பிடித்துப்போயிற்று. ஆனால் நடுவில் பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசுகிறாரே, அங்கே இயர்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். பக்கத்தில் யாராவது சத்தமாக மென்றாலோ, டீயை உறிஞ்சினாலோ சின்ன வயதிலிருந்தே எனக்கு உடம்பு முறுக்கிக்கொள்ளும். அதே முறுக்கல். எல்லோரும் அழும் இடமே அதுதான் என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் ரசனையில் ஏதாவது கோளாறா?

கே.

அன்புள்ள கே.,

கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அந்த நாலு வரி ஜோன்ஸையே பாடாய்ப் படுத்தியது.

பாட்டைக் கேட்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சாகும்வரை உன்னைக் காதலிப்பேன் என்றவன், அவள் விட்டுப்போன பிறகும் பழைய கடிதங்களோடு காலம் தள்ளுகிறான். இன்று காதலிப்பதை நிறுத்திவிட்டான், ஏனென்றால் செத்துப்போய்விட்டான். எழுதியவர்கள் பாபி பிராடக், கர்லி புட்மன். அந்தப் பெண் சாவுக்கு வந்தாக வேண்டும் என்று அவர்களைத் திரும்பத் திரும்ப எழுதவைத்தவர் தயாரிப்பாளர் பில்லி ஷெரில். அவள் வருகிற வரிகள்தாம் நீங்கள் தாங்க முடியாமல் போன அந்தப் பேச்சு.

ஜோன்ஸ் அப்போது குடியில் மூழ்கிக் கிடந்தார். எவ்வளவு குடித்திருந்தாலும் பாடிவிடுவார். பேசச் சொன்னால் நாக்கு குழறும். மூன்று நிமிடத்துச் சொச்சப் பாட்டு முடிய ஏறத்தாழ 18 மாதம் ஆயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த இழவுப் பாட்டை எவன் வாங்குவான் என்றும் கேட்டாராம். 1980 ஜூலையில் அது அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பாடும்போது உயிரெழுத்து நீள்கிறது, மெய்யெழுத்து சுருங்குகிறது. மெட்டு வாயைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறது. மெட்டு விலகியதும் உதடு, நாக்கு, எச்சில், மூச்சு எல்லாம் வெளியே வந்துவிடுகின்றன. மைக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. ஜோன்ஸின் வாய் அவரைக் கைவிட்ட இடமும் உங்கள் காது முரண்டு பிடித்த இடமும் ஒன்றாக இருப்பதை என்னால் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

உங்களுக்கு இருப்பதற்கு மிசோஃபோனியா என்று பெயர். 2001ல் செவி ஆய்வாளர்களான ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதியர் வைத்தது. சத்தம் கூடுதலாக இருப்பது இதில் பிரச்சினையே இல்லை, பட்டாசைக்கூடத் தாங்கிக்கொள்வீர்கள். பெரும்பாலும் வாயும் மூக்கும் எழுப்பும் சின்னச் சத்தங்கள்தாம் படுத்தும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சுக்பிந்தர் குமார் குழுவினர் 2021ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இப்படிப்பட்டவர்களின் மூளையில் கேட்கும் பகுதிக்கும் வாய், தொண்டையை அசைக்கும் பகுதிக்கும் இடையே தொடர்பு வழக்கத்தைவிட வலுவாக இருப்பதைக் காட்டியது. எதிராளியின் வாய் நம் வாய்க்குள்ளேயே வந்து அசைவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எரிச்சலுக்கும் ரசனைக்கும் சம்பந்தமில்லை.

அதே பாட்டில் உங்கள் காதுக்கு ஏற்ற ஒன்றும் இருக்கிறது. பெடல் ஸ்டீல் கிதார், கிடத்தி வைத்து வாசிக்கும் கிதார். விரல் கம்பியைச் சுண்டுகிற அந்த ‘டிக்’கை வாசிப்பவர் காலடியில் இருக்கும் வால்யூம் பெடலால் அமுக்கிவிட்டு, பிறகு ஒலியை மெல்லத் திறந்துவிடலாம். இரும்புத் தண்டு கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்வரம் எங்கே தொடங்கியது என்றே தெரியாது. திடுக்கிட வைப்பது திடீர்த் தொடக்கம்தான். அது இல்லாத வாத்தியம் என்பதால், ஒலிக்குக் கூசுகிற காதுக்காரர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். எல்லோருக்கும் ஒத்துப்போகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஏனென்றால் எனக்கும் ஒரு தொல்லை உண்டு. அந்தப் பேச்சின் பின்னணியில் மில்லி கிர்க்காம் என்ற பாடகியின் உச்சக் குரல் ஆவி போல எழும்பி வரும். பலருக்கு அங்கே மயிர்க்கூச்செறியும். எனக்கோ பல் கூசும், சிலேட்டில் ஆணியால் கீறினாற்போல. பேச்சு என்னை ஒன்றும் செய்யாது. நாம் இருவரும் சேர்ந்து கேட்டால், அந்த நாலு வரிக்கு ஆளுக்கு ஒரு காரணத்தோடு எழுந்து வெளியே போவோம்!

இயர்போன் வேண்டாம். காதுக்குள்ளேயே ஒருவர் வாயைக் கொண்டுவந்து வைப்பது அது. ஸ்பீக்கரை அறையின் அந்தக் கோடியில் வையுங்கள், மின்விசிறியையும் ஓடவிடுங்கள். மூச்சும் உதட்டொலியும் அந்த இரைச்சலில் கரைந்துவிடும், குரல் மட்டும் வந்து சேரும். அப்படியும் ஆகவில்லையென்றால், பேச்சு தொடங்கும்போது அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். சாவுக்கு அவள் வந்துவிட்டாள் என்பது உங்களுக்குத்தான் இப்போது தெரியுமே.