நெற்றியில் போட்ட சிலுவை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 41 வயது. ஊர் நாகர்கோவில் பக்கம். நாலு வருஷமாக இஸ்ரேலில், ஹைஃபாவில், 88 வயது யூதப் பாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். 'சவ்தா' என்றுதான் கூப்பிடுவேன். இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. மனசு கேட்காமல், வேளாங்கண்ணித் தீர்த்தத்தைத் தொட்டு அவர் நெற்றியில் சிலுவை போட்டு ஜெபித்தேன். மகள் பார்த்துவிட்டார். கத்தவில்லை. ஈரத்துணி எடுத்து அம்மாவின் நெற்றியை இரண்டு தடவை துடைத்துவிட்டு, "இனி இதைச் செய்யாதே" என்றார். கிறிஸ்துமஸுக்கு லீவும் பரிசும் தருகிற குடும்பம் இது. இப்போது சவ்தாவை என்னிடம் தனியாக விட்டுப் போகவே யோசிக்கிறார்கள். நல்லது நினைத்துத்தானே செய்தேன்? வேலையை விட்டுவிடலாமா?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

அந்தத் துணி உங்களை எப்படிச் சுட்டிருக்கும் என்று புரிகிறது. முதலில் ஒரு பழைய சம்பவம்.

இத்தாலியின் பொலோனா நகரில் ஒரு யூத வீட்டுக் கைக்குழந்தைக்குக் கடும் காய்ச்சல். செத்துவிடுமோ என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்ததாக அங்கே வேலை செய்த கத்தோலிக்கப் பெண் பிறகு சொன்னாள். குழந்தை பிழைத்தது. விஷயம் வெளியே போக, 1858 ஜூனில் போலீஸ் வந்து, ஆறு வயதாகியிருந்த அந்தப் பையனைப் பெற்றவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை யூத வீட்டில் வளரக் கூடாது என்பது போப் ஆண்ட அந்த நாட்டின் சட்டம். எட்கார்தோ மொர்த்தாரா என்ற அந்தப் பையன் பாதிரியார் ஆனான். வீட்டோடு வாழத் திரும்பவே இல்லை.

அந்தப் பெண்ணும் நல்லது நினைத்துத்தான் செய்தாள்.

இது ஒன்று மட்டும் என்றால் மறந்திருப்பார்கள். 1096இல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் ஜெர்மனியின் மைன்ஸில் 'ஞானஸ்நானமா, சாவா' என்று நின்றபோது, பெற்ற பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே கொன்றுவிட்டுச் செத்தவர்கள் உண்டு. ஸ்பெயினில் 1391இல் பயந்து மதம் மாறியவர்களின் வம்சத்தை, 'உள்ளுக்குள் யூதன்தானே' என்று மத விசாரணை மன்றம் நூறு வருஷம் கழித்தும் துரத்தியது. ஹிட்லர் காலத்தில் கன்னியர் மடங்கள் யூதப் பிள்ளைகளை ஒளித்துக் காப்பாற்றின, உண்மை. ஆனால் போர் முடிந்து உறவினர் தேடி வந்தபோது சில பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் ஆகியிருந்தது. பிரான்ஸில் ஃபினாலி சகோதரர்கள் இருவர் அத்தையிடம் வந்து சேர 1953 ஆனது. உங்கள் சவ்தாவும் அந்தப் போரின்போது சிறுபிள்ளைதான். எங்கே இருந்தார் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

யூதர்கள் மதம் மாற்ற ஆள் தேடுவதில்லை. தானாக வருகிறவரையே திருப்பி அனுப்பிப் பார்ப்பது அவர்கள் பழைய வழக்கம். அதனால் உங்கள் ஜெபம் அவர்கள் காதில் 'நீ இப்படியே இருந்தால் போதாது' என்று விழுந்திருக்கலாம். 'விசுவாசத்தை மறைக்கிறேனோ' என்றும் உங்களுக்குள் உறுத்த வேண்டாம். யூதர்களை மதம் மாற்றவென்று அமைப்பாக ஊழியம் நடத்துவதில்லை என்று 2015இல் வத்திக்கான் ஆவணமே சொல்லிவிட்டது.

சரி, மகளிடம் பேசுங்கள். வெள்ளி சாயங்காலம் ஓய்வுநாள் விளக்கேற்றும் அவசரத்தில் வேண்டாம். ஞாயிறு காலை இரண்டே வரி: "அது ஞானஸ்நானம் இல்லை. ஆனாலும் கேட்காமல் செய்தது தப்பு, இனிச் செய்யமாட்டேன்." 'நல்லதுக்குத்தான்' என்று சேர்த்தீர்களோ, போச்சு. ஜெபமும் தீர்த்தப் பாட்டிலும் உங்கள் அறையோடு இருக்கட்டும். வேலையை விடுவதை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம், சவ்தாவுக்குக் காய்ச்சல் விட்டதா? எழுதவே இல்லையே.