டெர்பிக்குப் போங்கள், கார்டை வீட்டில் வையுங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. சென்னையில் தனியார் வேலை, கைக்கு வருவது 62,000 ரூபாய். பிப்ரவரியில் இந்தியன் டெர்பி குதிரைப் பந்தயம் பார்க்க மனைவியின் அண்ணனோடும் அவர் நண்பர்களோடும் மும்பை மகாலக்ஷ்மி ரேஸ் மைதானத்துக்குப் போகிறேன். ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஜாக்பாட்டுக்கு ஆளுக்கு 75,000 போடலாம் என்கிறார் மச்சான். ஒரு லோன் ஆப்பில் பணம் ரெடியாக இருக்கிறது. ஏற்கெனவே ரேஸுக்காக கிரெடிட் கார்டில் எடுத்த பணம் 1,40,000 நிற்கிறது. மாதம் 7,000 கட்டுகிறேன், குறையவே மாட்டேன் என்கிறது. மனைவிக்குத் தெரியாது. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம்

பதில்: நீங்கள் ரேஸுக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பந்தயத்துக்குக் கடன் வாங்கி, ஜெயித்து அடைத்துவிடலாம் என்று நம்புகிறீர்களே, அதுதான் உங்களைத் தின்கிறது.

கார்டில் ஏடிஎம் வழியாக எடுக்கும் பணத்துக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். மாதம் 3.5% என்று வைத்தால் 1,40,000-க்கு 4,900. அந்த வட்டி மீது 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 5,780. நீங்கள் கட்டும் 7,000-ல் அசலுக்குப் போவது 1,220 ரூபாய்தான். இனி ஒரு பைசா எடுக்காவிட்டாலும் அடைபட மூன்றரை வருடம் ஆகும்.

இதே தொகையை வங்கியில் 15% வட்டிக்குத் தனிநபர் கடனாக எடுத்து கார்டை அடைத்தால், மாதத் தவணை சுமார் 6,800. இரண்டே வருடத்தில் முடிந்துவிடும். மாதாமாதம் கட்டுவது கிட்டத்தட்ட அதேதான். கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால் இதற்கு வாங்குங்கள். ‘ஒரு நிமிடத்தில் பணம்’ என்கிற ஆப்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. பிராசஸிங் கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுப்பார்கள், வட்டி மட்டும் முழுத் தொகைக்கும்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்பார் மச்சான். உண்மைதான், 1996-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில் சொன்னது. ஆனால் திறமைசாலிக்கும் வரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத் தொகை முழுவதற்கும் 40% ஜிஎஸ்டி. 1,000 ரூபாய் பந்தயத்துக்கு 1,400 கையை விட்டுப் போகிறது என்று வையுங்கள். ஈவன் மணியில், அதாவது போட்ட அளவே லாபம் என்ற விலையில், ஜெயித்தால் 2,000 திரும்பும். பத்துப் பந்தயத்துக்கு 14,000 செலவு, ஆக போட்டது திரும்பவே ஏழு ஜெயிக்க வேண்டும். போட்டதைப் போல இரண்டு மடங்கு லாபம் தரும் விலை கிடைத்தாலும் ஐந்து ஜெயித்தாக வேண்டும். பொதுவாக அதிகம் பேர் பணம் கட்டும் ஃபேவரிட் குதிரையே மூன்றில் ஒரு ரேஸைத்தான் ஜெயிக்கிறது. ஜெயித்த பணத்துக்கு 30% வருமான வரி தனி. தோற்ற டிக்கெட்டுகளைக் காட்டி அதில் கழிக்கவும் முடியாது.

ஜாக்பாட் இன்னும் மோசம். ஐந்து ரேஸிலும் ஜெயிக்கும் குதிரையைச் சொல்ல வேண்டும். பாதுகாப்புக்கு ரேஸுக்கு நான்கு குதிரை எடுத்தால் 1,024 சேர்க்கைகள், ஒவ்வொன்றுக்கும் பணம். நான்கு ரேஸில் சரியாக வந்து ஐந்தாவதில் நீங்கள் எடுக்காத குதிரை முந்தினால் பெரிய பரிசு போச்சு. மச்சானிடம் ஒரே வரியில் சொல்லுங்கள்: “மச்சான், நான் கூட வர்றேன், கூட்டுல சேரல.” காரணம் கேட்டால் கார்டு கடனைச் சொல்லுங்கள். ‘ஊருக்கு வந்ததும் தர்றேன், இப்ப நீங்க போடுங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதுவும் கடன்தான், உறவுக்குள் வாங்கும் கடன்.

இரண்டு நாளுக்குப் பந்தயப் பணம் 4,000 ரூபாய், வரி உட்பட, ரொக்கமாக. சனிக்கிழமைக்கு ஒரு கவர், ஞாயிறுக்கு ஒரு கவர். கார்டு மும்பைக்கு வரவே கூடாது, போனிலும் லோன் ஆப் இருக்கக் கூடாது. எல்லா ரேஸிலும் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் பேடக்குக்குப் போய் நில்லுங்கள். குதிரைகளை சுற்றி நடத்திக் காட்டுவார்கள். எது அமைதியாக நடக்கிறது, எதற்குக் கழுத்தெல்லாம் வியர்த்து நுரை தள்ளுகிறது என்று கையில் ரேஸ் புக்கை வைத்துக்கொண்டு பாருங்கள். அதற்குக் காசு இல்லை. டெர்பி 2,400 மீட்டர், இரண்டரை நிமிடம். அந்த நேரத்துக்கு 200 ரூபாய் பந்தய டிக்கெட் வைத்திருப்பவருக்கும் நெஞ்சு அதே அளவுதான் அடிக்கும்.

கிளம்புவதற்கு முன் மனைவியிடம் 1,40,000 கணக்கைச் சொல்லிவிடுங்கள். வங்கித் தவணை வீட்டு பட்ஜெட்டில்தான் வரும், மறைக்க முடியாது. அவருடைய அண்ணன் வாயால் தெரியவந்தால் உங்களுக்குத்தான் கஷ்டம். கவர் காலியான பிறகும் யாரிடமாவது கேட்கலாமா என்று கை பரபரத்தால், 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி மையம் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.