கிழங்குக்கு என்ன விலை வரும்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், தமிழ் வழி. வாழப்பாடி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். பி.காம் கேட்டேன், கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது இதுதான்.

எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறோம். போன வருடம் விலை விழுந்து, தோண்டிய கூலிக்குக்கூடக் கட்டவில்லை. இந்த வருடமும் அதையேதான் போட்டிருக்கிறோம். போன வாரம் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "நீ வெலையப் பத்தித்தான படிக்கிற? நம்ம கெழங்குக்கு இந்தத் தடவ என்ன வெல வரும், சொல்லு பாக்கலாம்." எனக்குப் பதில் தெரியவில்லை. தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் விலை என்று எத்தனையோ முறை வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பாடத்துக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றுகிறது.

இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று சித்தப்பா கேட்கிறார். விட்டுவிட்டு நர்சிங் சேரச் சொல்கிறார். ஏற்கெனவே ஒன்றரை வருடம் போய்விட்டதே என்றும் இருக்கிறது. நீங்களும் பொருளியல் படித்தவர் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் தொடரலாமா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் உங்கள் அப்பாவுக்கு ஒரு வணக்கம். தேர்வுத்தாளில் வரவேண்டிய கேள்வியைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பதில் தெரியாததற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம். கிழங்கு இன்ன விலைக்குப் போகும் என்று அடித்துச் சொல்ல எந்தப் பொருளியல் பேராசிரியராலும் முடியாது. அப்படி யாராவது சொன்னால் அவர் கிழங்கு வாங்க வந்தவராக இருப்பார், கவனம்.

ஆனால் பாடத்துக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சம்பந்தம் இருக்கிறது, முழுசாகப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது என்று தேடுவதைத்தான் நான் இந்தப் படிப்பு என்று நினைக்கிறேன். மூன்று வருடம் படித்தபோது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

சிலந்தி வலைக் கோட்பாடு என்று ஒன்று உங்கள் பாடத்தில் வந்திருக்கும், இல்லையென்றால் இனி வரும். 1934இல் நிக்கோலஸ் கால்டார் வைத்த பெயர். ஒரு வருடம் விலை நன்றாக இருந்தால் எல்லோரும் அதையே போடுகிறார்கள். விளைந்து வர மாதக்கணக்கில் ஆகிறது. எல்லார் சரக்கும் ஒன்றாக வந்து இறங்கும்போது விலை விழுகிறது. பயந்துபோய் அடுத்த வருடம் பலர் விட்டுவிடுகிறார்கள், சரக்கு குறைகிறது, விலை ஏறுகிறது. இதைப் படமாகப் போட்டால் கோடு சுற்றிச் சுற்றி வலை மாதிரி வரும். குச்சிக்கிழங்கு எட்டு முதல் பத்து மாதப் பயிர். அதற்கென்றே எழுதியது போல இருக்கிறதல்லவா? கோடு எதுவும் போடாமல் இதை அப்பாவிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். "இது எனக்குத் தெரியாதாக்கும்" என்பார்.

சரி, தெரிந்தும் ஏன் போட்டார்? கால்டாரின் படத்தில் விவசாயி போன வருட விலையை மட்டும்தான் பார்ப்பார். அந்தக் கணக்குப்படி இந்த வருடம் நீங்கள் கிழங்கு போட்டிருக்கவே கூடாது. உங்கள் அப்பா வேறு எதையோ பார்த்திருக்கிறார். கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்திருக்கலாம், கிழங்கு கொஞ்சம் வறட்சியைத் தாங்கும். வேறு பயிருக்கு விதை வாங்கக் காசு வேண்டும், இதற்குப் போன பயிரின் குச்சியே போதும். களையெடுக்க ஆள் கிடைப்பது ஒரு பக்கம். புரோக்கரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அது இன்னொரு பக்கம். இதில் எது உங்கள் வீட்டில் நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பாடப்புத்தகத்துக்கும் தெரியாது. உங்களால் மட்டும்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

புத்தகத்தில் எந்த விதியை எடுத்தாலும் 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்று ஒரு தொடர் வரும். மார்க் போய்விடுமே என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போகிற தொடர். உங்கள் வீட்டு வரும்படி முழுக்க அந்த 'மற்றவை'க்குள்தான் கிடக்கிறது. உங்கள் கிழங்கு ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் மாறுகிறது. நம் வீடுகளில் ஜவ்வரிசி என்றால் பாயசம், வடகம், அத்தோடு சரி. சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பகுதி வடக்கே, மகாராஷ்டிரம் மாதிரி மாநிலங்களுக்குப் போகிறது. அங்கே விரத நாளில் சாப்பிடுகிற பண்டம் அது. ஸ்டார்ச் துணி ஆலைக்கும் காகித ஆலைக்கும் போகிறது, அங்கே மக்காச்சோள ஸ்டார்ச் போட்டிக்கு நிற்கிறது. மக்காச்சோளம் மலிந்தால் உங்கள் கிழங்கு இறங்கும். இந்தத் தொழிலே 'மற்றவை' மாறியதால் வந்ததுதான். இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனது. அங்கே ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவை, 1940களில் இங்கே சேலத்துக்காரர்கள் மரவள்ளியிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆலையில் கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை, பாயிண்ட்டுக்கு வாங்குகிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட், ஒரு பாயிண்ட்டுக்கு எவ்வளவு என்று பேச்சு. மாவுச்சத்து கூடிய கிழங்கு தண்ணீருக்குள் முக்கி எடை பார்த்தாலும் கனமாக நிற்கும், கணக்கின் அடிப்படை அதுதான். அந்தப் பாயிண்ட்டை எங்கே பார்க்கிறார்கள்? ஆலையில், லோடு போய் இறங்கும்போது. தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும். பாயிண்ட் குறைவு என்று சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கா வர முடியும்?

1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது, அதனால் சந்தையே எப்படிக் கெட்டுப்போகிறது என்பதுதான் விஷயம். அந்த வழியில் செய்த வேலைக்காக 2001இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள், அவர் ஒருவர். கிழங்கில் இது தலைகீழ். இங்கே அளவுகோல் வாங்குகிறவர் கையில். சேகோசர்வ் கூட்டுறவு 1981இல் வந்தது. அதன் உறுப்பினர்கள் ஆலைக்காரர்கள். ஆலைக்காரருக்கும் ஜவ்வரிசி வியாபாரிக்கும் நடுவில் தரமும் விலையும் பேசத்தான் அது. வயலுக்கும் ஆலை வாசலுக்கும் நடுவில் இருக்கிற தூரம் வேறு கதை. கிழங்குக்கு நேர்மையான பாயிண்ட் எப்படிப் பார்ப்பது, யார் பார்ப்பது என்பது நல்ல பொருளியல் கேள்வி. உங்கள் கேள்வித்தாளில் அது வராது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஏற்காட்டுக்காரன். அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், ஆள் கணக்கு எழுதுகிறவர். 1988இல் மலையிறங்கி வந்து சேலத்தில் இதே பி.ஏ. சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் 'நிறைவுப் போட்டி' என்ற பாடத்தை நடத்தினார்கள்: எண்ணற்ற விற்பவர்கள், எண்ணற்ற வாங்குபவர்கள். அதே 1989 ஜூலையில், எந்த நாடு எவ்வளவு காப்பி ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு வைத்திருந்த சர்வதேச ஏற்பாடு முறிந்தது. உலகச் சந்தையில் சில மாதத்துக்குள் விலை ஏறக்குறையப் பாதிக்கு வந்தது. எங்கள் மலையிலோ எஸ்டேட்காரர் நினைத்த ஆளுக்குக் காப்பியை விற்க முடியாது. காப்பி வாரியத்திடம் கொடுக்க வேண்டும், வாரியம் விற்றுத் தவணை தவணையாகப் பணம் தரும். அந்த ஏற்பாடு முழுதாகப் போனது 1996இல்தான். ஆக, எண்ணற்ற விற்பவர்கள் சரி, வாங்குவது ஒரே ஒரு ஆள். வகுப்பில் படித்ததையும் மலையில் நடந்ததையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. அது பாடம், இது வீட்டுக் கவலை என்று இருந்துவிட்டேன்.

காப்பிப் பழம் ஒரே சமயத்தில் பழுக்காது. நவம்பரிலிருந்து முறைமுறையாக எடுப்பார்கள். கடைசி முறையில் செடிக்கு ஒரு கைப்பிடிகூட இருக்காது. அந்தப் பருவத்தில் அப்பா கடைசி முறைக்கு ஆள் விடவில்லை. "கூலிக்கு அந்தப் பழம் பெறாது" என்றார். அதற்கு முந்தின முறைக்கு ஆள் விட்டவர்தான். இறுதிநிலைச் செலவும் (கூடுதலாக ஒன்று செய்ய ஆகிற செலவு) இறுதிநிலை வருவாயும் (அந்த ஒன்றால் வருகிற காசு) சமமாகும் அளவோடு உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்று நான் படம் போட்டுப் பரீட்சை எழுதியதும் அதே வருடம்தான். அப்பா செய்ததும் நான் எழுதியதும் ஒன்று என்று உறைக்கப் பத்து வருடம் ஆயிற்று.

அதற்குள் ஒரு அடியும் வாங்கினேன். 1991இல் வெளியூரில் எம்.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் போனேன். முதல் கேள்வியிலேயே ஒரு செலவுச் சமன்பாட்டைக் கொடுத்து இறுதிநிலைச் செலவைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வகையிடத் தெரிந்திருந்தால் இரண்டு வரி. நான் பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவன். இறுதிநிலைச் செலவின் வரையறையை முத்து முத்தான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டு வந்தேன். இடம் கிடைக்கவில்லை, வேறென்ன.

அதனால் கணக்கை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தில் வகை நுண்கணிதம் இருக்கிறது. அரசு இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தினம் நாலு கணக்கு போட்டால் ஆறு மாதத்தில் பயம் போய்விடும். நீங்கள் வரைகிற ஒவ்வொரு கோட்டின் சாய்வும் ஒரு வகையீடுதான் என்று பிடிபட்ட பிறகு படத்தை மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது. கூடவே புள்ளியியல். தமிழ் வழியில் படிப்பது ஒரு குறையே இல்லை, 'வாய்ப்புச் செலவு' என்ற சொல்லில் விஷயம் அப்படியே தெரிகிறது: ஒன்றை எடுத்தால் கைவிட்டுப் போகிற இன்னொரு வாய்ப்புதான் அதன் செலவு. ஆனால் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.

சித்தப்பாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பி.ஏ. பொருளியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நேராகப் போய் உட்காரும் வேலை என்று ஒன்று கிடையாது. டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுகளுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு பட்டம் போதும். இந்தியப் பொருளாதாரப் பணிக்கு யூபிஎஸ்சி தேர்வு வைக்கிறது, அதற்கு முதுகலை வேண்டும். திருவாரூர், புதுச்சேரி மாதிரி மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேரப் பொது நுழைவுத் தேர்வு உண்டு, கேள்வித்தாள் தமிழில் இருக்காது. ஆக, பி.ஏ.வோடு நிற்பதாக இருந்தால் சித்தப்பா சொல்வதைக் கேட்கலாம். நர்சிங்கில் உங்களுக்கே ஆசை இருந்தாலும் தாராளமாகப் போங்கள். ஒன்றரை வருடம் போய்விட்டதே என்பதற்காக மட்டும் இங்கே இருக்காதீர்கள். போனது போனதுதான், அதை இனி எடுக்கிற முடிவில் சேர்க்கக் கூடாது. இதுவும் உங்கள் பாடத்தில் உள்ளதே. ஆனால் ஒன்று கவனித்தேன். உங்கள் கடிதத்தில் நர்சிங்குக்கு ஒரு வரி, கிழங்குக்குப் பாதிக் கடிதம்.

1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற இங்கிலாந்துக்காரர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்தார். இந்தியக் கிராமம் எப்படிப் பிழைக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரியாது என்பதும் தெரியும். மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, ஊர்களுக்குப் போய்ப் பார்த்து எழுதிவரச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு, வட்டி என்ன. 1918இல் அது நூலாக வந்தது. இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி என்று நம் ஊர்களின் பெயர்கள். 1930களில் அந்த ஊர்களுக்கு மறுபடி ஆய்வாளர்கள் போனார்கள், 1980களிலும் போனார்கள். அந்தப் பழைய தாள்கள் இல்லையென்றால் எதோடு ஒப்பிட்டிருப்பார்கள்? எழுதியவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள்தான்.

உங்களுக்குக் கேள்விப் பட்டியல் கொடுக்க ஆள் இல்லையென்றால் நானே கொடுக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இந்த அறுவடையில் ஒவ்வொரு லோடுக்கும் தேதி, எடை, ஆலையில் சொன்ன பாயிண்ட், பாயிண்ட் விலை, தோண்டிய கூலி, வண்டி வாடகை, தோண்டி எத்தனை மணி நேரம் கழித்து எடை போட்டார்கள் என்று எழுதுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலு பேரிடமும் கேளுங்கள். ஒரே வாரத்தில், ஒரே மாதிரி மண்ணில் விளைந்த கிழங்குக்கு ஆலைக்கு ஆலை பாயிண்ட் மாறுகிறதா என்று பார்க்கலாம். (கிழங்கு சலித்துப்போனால் சிவதாபுரம், பனங்காடு பக்கம் போங்கள். ஆடம் ஸ்மித் 1776இல் பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளைக்கு 48,000 குண்டூசி செய்ததை எழுதினார். அவர்கள் ஒரே பட்டறையில் இருந்தார்கள். இங்கே வெள்ளிக் கொலுசுக்குக் கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு. ஏன் ஒரே கூரைக்குள் வரவில்லை என்று யாராவது எழுத வேண்டும்.)

நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் இன்றைக்கே எழுதிவிடுங்கள். அப்பா சாப்பிட உட்காரும்போது, போன வருடம் அவ்வளவு விழுந்தும் இந்த வருடம் ஏன் கிழங்கே போட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் புத்தகச் சொல்லுக்கு மாற்றாமல், அவர் பேச்சிலேயே எழுதி, எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.