சின்னக் கல்லூரியும் தேசியக் கோப்பையும்: கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன். வந்ததில் பாதி ஸ்காலர்ஷிப் பற்றித்தான். பரவாயில்லை, தொடங்குவோம்.

சிறிய கல்லூரி ஒன்று தேசியக் கோப்பையை வெல்வதெல்லாம் நடக்கிற காரியமா சார்?

நடந்திருக்கிறது, அதுவும் தொடர்ந்து மூன்று தடவை. பிலடெல்ஃபியாவுக்கு மேற்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் கல்லூரி இம்மாக்குலாட்டா. அதன் விளையாட்டுக்கூடம் 1967-ல் எரிந்துபோனது. பயிற்சியாளர் கேத்தி ரஷ்ஷுக்குச் சம்பளம் 450 டாலர். மாதத்துக்கு இல்லை, முழு சீசனுக்கும்.

1972 மார்ச்சில், பெண்களுக்கான கல்லூரி விளையாட்டுச் சங்கமான ஏஐஏடபிள்யூ தன் முதல் தேசியப் போட்டியை இல்லினாய் மாநிலத்தின் நார்மல் என்ற ஊரில் நடத்தியது. மொத்தம் 16 அணிகள். இம்மாக்குலாட்டாவுக்குத் தரவரிசையில் 15-ஆம் இடம். கையில் காசில்லாமல் பல் தேய்க்கும் பிரஷ் விற்றார்கள். அப்படியும் எட்டு வீராங்கனைகளைத்தான் விமானம் ஏற்ற முடிந்தது.

அதற்குச் சில நாள் முன்புதான் வெஸ்ட் செஸ்டர் அணி மண்டல இறுதியில் இவர்களை 32 புள்ளி வித்தியாசத்தில் துவைத்து எடுத்திருந்தது. தேசிய இறுதியிலும் எதிரே வந்து நின்றது அதே வெஸ்ட் செஸ்டர். இந்தத் தடவை 52-48, இம்மாக்குலாட்டாவுக்கு. 1973, 1974 கோப்பைகளும் இவர்களுக்கே.

கன்னியாஸ்திரிகள் வாளி தட்டி ஆரவாரம் செய்தார்களாமே?

உண்மைதான். இரும்பு வாளிகள், ஒரு வீராங்கனையின் அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஆனால் இவர்களைப் பற்றி வந்த சினிமாவில் பார்த்ததை எல்லாம் அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். டிவிஷன் 3 கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

கிடைக்காது. டிவிஷன் 3 என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கு. அதில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரக் கூடாது என்பது விதி. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ப உதவி உண்டு, அது வேறு. "வாங்கித் தருகிறேன்" என்று எந்த ஏஜென்ட் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முன்பு பெண்கள் ஆறு பேராக ஆடினார்கள் என்கிறார்களே?

ஆமாம். ஆறு பேரில் இரண்டு பேர்தான் முழு மைதானமும் ஓடலாம். மற்றவர்கள் பாதிக் கோட்டைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு மூச்சு வாங்கும் என்று கவலையாம்! 1971-ல்தான் ஐந்து பேர், முழு மைதானம், பந்தைக் கூடைக்கு எறிய 30 விநாடிக் கெடு என்று விதி மாறியது. அடுத்த ஆண்டே இம்மாக்குலாட்டா கோப்பையைத் தூக்கியது.

டிவிஷன் 3-ல் நன்றாக ஆடினாலும் ஸ்காலர்ஷிப் இல்லையா?

மேலே பாருங்கள்.

அப்போது ஸ்காலர்ஷிப்புக்குத் தடை இருந்ததால்தான் இம்மாக்குலாட்டா ஜெயித்தது. இதை எப்படி உண்மையான சாம்பியன் என்கிறீர்கள்?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தடை இருந்தது நிஜம்: விளையாட்டுக்கு உதவித்தொகை தரும் கல்லூரிகளை ஏஐஏடபிள்யூ சேர்க்கவில்லை. டெக்சஸின் வேலண்ட் பாப்டிஸ்ட் அணி 1953 முதல் 1958 வரை தொடர்ந்து 131 ஆட்டங்கள் வென்ற கூட்டம். அவர்கள் உதவித்தொகை கொடுத்ததால் இந்தப் போட்டிக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால் நியாயம். ஆனால் வந்த 16 அணிக்கும் விதி ஒன்றுதானே? பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிக்குப் பணம் ஒதுக்காமல் இருந்தது இம்மாக்குலாட்டாவின் குற்றமா?

(அவரே மறுபடியும்) 1973-ல் ஒரு வழக்குக்குப் பிறகு தடையை எடுத்தார்கள். 1974-க்கு அப்புறம் இவர்களுக்குக் கோப்பை இல்லை. கணக்கு சரியாக வருகிறதே?

பாதி சரி. 1975, 1976 இறுதி ஆட்டங்களில் இவர்களைத் தோற்கடித்தது யார்? மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட். அதுவும் சின்னக் கல்லூரிதான். அங்கே லூசியா ஹாரிஸ் என்ற 6 அடி 3 அங்குல ஆள் இருந்தார். ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்தின் முதல் புள்ளி, 1976 மான்ட்ரியலில், அவர் போட்டது. அவரைத் தடுக்க எந்தப் பணமும் உதவியிருக்காது. 1978-ல் யுசிஎல்ஏ என்ற பெரிய பல்கலைக்கழகம் கோப்பையை எடுத்தது. அதன்பின் உங்கள் கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன்.

(இன்னொருவர்) அவர் சொல்வதுதான் சரி. கூட்டமே வராத ஆட்டத்தில் ஜெயித்து என்ன பெருமை?

1975 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இம்மாக்குலாட்டாவும் குவீன்ஸ் கல்லூரியும் மோதியபோது ஏறக்குறைய 12,000 பேர் வந்தார்கள். அங்கே பெண்கள் கல்லூரி ஆட்டம் நடந்தது அதுதான் முதல் தடவை.

இன்று டிவிஷன் 3-ல் யார் பலம்?

நியூயார்க் பல்கலைக்கழகம். 2024, 2025 இரண்டு ஆண்டும் 31-0. அதற்கு முன் 1998 முதல் 2001 வரை செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நான்கு கோப்பைகளை வரிசையாக எடுத்தது.

இம்மாக்குலாட்டா இப்போது எங்கே ஆடுகிறது?

அதே டிவிஷன் 3-ல். 2005 முதல் ஆண்களும் படிக்கிறார்கள். 1972-74 அணி மொத்தமாக 2014-ல் கூடைப்பந்துக்கான நெய்ஸ்மித் புகழ் மன்றத்தில் சேர்ந்தது. கேத்தி ரஷ் 2008-லேயே சேர்ந்துவிட்டார்.

சார், அப்படியானால் இம்மாக்குலாட்டாவில் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்...

டிவிஷன் 3 என்று இப்போதுதானே சொன்னேன்!