சுங்கானைச் சுடுதண்ணீரில் போடாதீர்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

பழைய சாமான்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறவன். எங்கள் அப்பப்பா அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குத் திரும்பிய துரை தன்னுடைய சுங்கானை, அதுதான் புகையிலை போட்டுப் பத்துகிற பைப்பை, அப்பப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அப்பப்பா அதைக் கடைசிவரை பத்தினார். இப்போது அது என்னிடம். வளைந்த சுங்கான். வாயில் வைக்கிற பகுதி கறுப்பாக இருந்தது, இப்போது பச்சையும் மண்ணிறமுமாகக் கிடக்கிறது, பல் தடமும் உண்டு. புகையிலை போடுகிற குழிக்குள் கரி அடைத்திருக்கிறது. பெட்டியைத் திறந்தாலே வீடெல்லாம் நாறுகிறது என்று மனைவி சண்டை. நடுவில் வெள்ளி வளையம், அதில் இலை, நாய், கோபுரம் என்று மூன்று முத்திரைகள். மரத்தில் ‘பீட்டர்சன் சிஸ்டம் ஸ்டாண்டர்ட்’ என்றும் ‘மேட் இன் த ரிபப்ளிக் ஒஃப் அயர்லாந்து’ என்றும் இருக்கிறது. நூறு வருஷத்துச் சாமான் என்று வீட்டில் சொல்வார்கள். மாமா ஒருவர் சுடுதண்ணீரில் சலவைத்தூள் போட்டு ஊறவைக்கச் சொல்கிறார். ஹாட்வெயார் கடைக்காரர் தின்னர் என்கிறார். என்ன செய்வது? பல் தடத்தை எடுக்க முடியுமா? சுத்தம் செய்தபிறகு ஒருதரம் பத்திப் பார்க்கவும் ஆசை.

(வெள்ளவத்தை வாசகர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

மாமா நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அவர் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். வாயில் வைக்கிற அந்தக் கறுப்புத் தண்டு எபனைட். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக வைத்தது. செய்யும்போது நேராகத்தான் செய்வார்கள், பிறகு சூடுகாட்டி வளைப்பார்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அது தன் பழைய நேர் வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும், நிறமும் இன்னும் மோசமாகும். மரத்துக்கும் ஊறல் ஆகாது. தின்னர் அதைவிடக் கெடுதி, மேல் நிறத்தையும் பூச்சையும் வழித்துவிட்டு மரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதன் பிறகு எந்தப் புகையிலை மணத்தையும் நீங்கள் குறை சொல்ல மாட்டீர்கள்.

வளையம் வெள்ளி இல்லை. மனம் நோகவேண்டாம், நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். இலையும் நாயும் கோபுரமும் பீட்டர்சன் கம்பனி தன்னுடைய நிக்கல் வளையங்களில் அடிக்கிற சொந்த அடையாளங்கள், அயர்லாந்தின் மூவிலைப் புல், அங்கத்தைய வேட்டைநாய், அங்கத்தைய வட்டக் கோபுரம். உண்மையான வெள்ளி என்றால் டப்ளினில் சோதித்துக் குத்திய முத்திரை இருக்கும், முடி வைத்த யாழ், உட்கார்ந்திருக்கும் பெண், வருஷத்தைக் காட்டும் ஒரு எழுத்து. செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோனால் உரைத்துப் பார்த்து ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள், பஸ் காசு மிச்சம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நூறு வருஷமும் இல்லை. அயர்லாந்து சட்டப்படி குடியரசானது 1949 ஏப்ரலில், ஆகவே ‘ரிபப்ளிக்’ என்று அடித்த சுங்கான் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம் கழிந்த பிறகுதான் உங்கள் துரையின் சுங்கானே பிறந்திருக்கிறது. விலை என்று பார்த்தால் பெரிதாக இல்லை, ஏராளமாகச் செய்த வகை, இன்றும் செய்கிறார்கள்.

சரி, நாற்றத்துக்கு வருவோம். எல்லாரும் குழியைத்தான் சுரண்டுகிறார்கள், இந்த வகையில் கள்ளன் வேறு இடத்தில் இருக்கிறான். ‘சிஸ்டம்’ என்பது சார்ள்ஸ் பீட்டர்சன் 1890இல் காப்புரிமை எடுத்த ஏற்பாடு. குழியிலிருந்து புகை வருகிற துவாரத்துக்குக் கீழே, வளையம் பூட்டிய கழுத்துக்குள், ஒரு சின்னக் கிணறு தோண்டியிருப்பார்கள். புகையோடு வருகிற ஈரம் அதில் விழுந்து தங்கும், வாய்க்குக் காய்ந்த புகை போகும். நல்ல யோசனைதான், ஆனால் அந்தக் கிணற்றை அடிக்கடி துடைக்காவிட்டால் வருஷக்கணக்கான சாறு அங்கேயே இறுகி மெழுகு மாதிரிப் படிந்துவிடும். தண்டைக் கழற்றிக் கைத்தொலைபேசியின் ரோர்ச்சை அடித்துப் பாருங்கள், தெரியும். கழற்றும்போது மெதுவாகத் திருகிக்கொண்டே இழுக்கவேண்டும், அசையாவிட்டால் ஃப்ரிட்ஜில் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம்.

ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி ஐசோப்ரோப்பைல் அல்ககோலில் நனைத்துக் கிணற்றைத் துடையுங்கள். பாமசியில் கேட்டுப் பார்க்கலாம். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தந்தால் வாங்காதீர்கள், குடிக்க முடியாதபடி அதில் வேறு சாமான்கள் கலந்திருப்பார்கள், அது மரத்தில் தங்கும். சாராயம் பரவாயில்லை, ஆனால் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் வேலை மந்தமாக நடக்கும். புகைபோகும் ஓட்டைகளுக்கு, பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கிற பஞ்சுக்கம்பி இருக்கிறதல்லவா, புறக்கோட்டையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், அது போதும். வெள்ளை நிறத்தில் வாங்குங்கள், கலர்க் கம்பியின் சாயம் அல்ககோலில் கரையும். தண்டின் வாய்ப்பகுதியில் ஓட்டை நுனியில் இல்லாமல் மேல்பக்கமாகத் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். புகை நாக்கில் அடிக்காமல் அண்ணத்துக்குப் போகட்டும் என்று 1898இல் பீட்டர்சன் செய்த மாற்றம் அது. அதற்குள் கம்பி போகவேண்டும் என்றால் நுனியைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளவேண்டும்.

குழியின் கரியைக் கத்தியால் குத்தாதீர்கள், அடிமரம் போய்விடும். தடித்த மார்க்கர் பேனையில் சாண்ட் பேப்பரைச் சுற்றி உள்ளே விட்டுத் திருப்புங்கள். பத்துகிறவர்கள் ஒரு மில்லிமீற்றர் அளவுக்குக் கரியை விட்டுவைப்பார்கள், அது மரத்தை நெருப்பிலிருந்து காக்கும். அதற்கு மேல் தடித்தால் சூட்டில் கரியும் மரமும் வேறுவேறு அளவில் விரிந்து குழி வெடிக்கும். நீங்கள் தொடர்ந்து பத்தப்போவதில்லை என்றாலும் முழுக்க வழிக்க வேண்டாம், உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்குமளவு எடுத்தால் சரி.

அப்புறம் முக்கியமான வேலை. குழியில் பஞ்சை அடையுங்கள், கழுத்து ஓட்டையிலும் ஒரு முறுக்குப் பஞ்சைத் திணியுங்கள், மருந்து விடுகிற துளிக்குழாயால் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரைக்கும் அல்ககோலை விட்டு இரவு முழுக்க அசையாமல் நிறுத்திவையுங்கள். வெளியே வழியவிடாதீர்கள், மேல்பூச்சு கரையும். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி ஒன்றும் வேண்டாம். விடியப் பார்த்தால் பஞ்சு கடும் மண்ணிறமாக இருக்கும், மரத்துக்குள் இருந்ததை அது உறிஞ்சியிருக்கிறது. பஞ்சை மாற்றி மறுபடி செய்யலாம். வெளிநாட்டில் சிலர் பஞ்சுக்குப் பதிலாக உப்புப் போடுகிறார்கள், உப்பு ஊறிக் கழுத்து வெடித்த கதைகளும் உண்டு, பஞ்சு இருக்க எதற்கு அந்த வம்பு. பிறகு காயவிட வேண்டும். கொழும்புக் காற்றின் ஈரத்தில், அதுவும் கடற்கரைப் பக்கம், ஒரு நாளில் காயாது. நிழலில், மின்விசிறிக்குக் கிட்ட, ஒரு கிழமையாவது விடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும்.

விளிம்பில் இறுகியிருக்கிற கறுப்புத் தாருக்கு இதில் பழகினவர்கள் சொல்கிற மருந்து எச்சில். பஞ்சில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் உண்மையிலேயே இளகும். மனைவி பார்க்காத நேரமாகச் செய்யுங்கள்.

தண்டின் பச்சை நிறம் அழுக்கு இல்லை. வெளிச்சமும் ஈரமும் பட்டு எபனைட்டில் உள்ள கந்தகம் மேலே வந்து அந்தப் படலம் உண்டாகிறது, கந்தக மணமும் அதனால்தான். அதைக் கழுவ முடியாது, தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். பஞ்சிகாவத்தையில் வாகனப் பெயின்ற் விற்கிற கடைகளில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற சாண்ட் பேப்பர் இருக்கும். 600இல் தொடங்கி 1000, 1500, 2000 என்று போங்கள். ஒவ்வொரு தரமும் முந்தின பேப்பரின் கீறல் மறைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே அடுத்ததுக்குப் போகவேண்டும், இந்தப் பொறுமை இல்லாவிட்டால் கடைசியில் மினுங்கும், ஆனால் வெளிச்சத்தில் திருப்பினால் கோடுகோடாகத் தெரியும். முடிவில் வெள்ளைப் பற்பசையும் பழைய பருத்தித் துணியும். வளையத்துக்குள் செருகுகிற கூம்புப் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள், அங்கே மயிரளவு குறைந்தாலும் தண்டு ஆடும்.

மரத்தில் சாண்ட் பேப்பரே படக்கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன். புதுசாக்கித் தருகிறேன் என்று மெஷினில் கொடுத்துப் பளபளப்பாக்கி, எழுத்தெல்லாம் மழுங்கிப்போன சுங்கான்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். உங்களுடையதன் வயதை நாம் கண்டுபிடித்ததே அந்த எழுத்தால்தான். ஈரத்துணி, துளி சோப், பிறகு மெல்லியதாகக் கொஞ்சம் மெழுகு. அழுக்கு தன்பாட்டில் போகும், போகாத கறையோடு வாழப் பழகுங்கள்.

பல் தடத்தை எடுக்கலாம். லைற்றர் சுவாலையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே இருந்தால் எபனைட் சூட்டில் தானாக மேலெழும், பாதிக்கு மேல் மறைந்துவிடும். நான் என்றால் தொடமாட்டேன், தண்டில் ஓட்டை விழாதவரை அது யாருக்கும் தொந்தரவு இல்லை. அப்பப்பாவின் பல் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், துரையின் பல்லாகவும் இருக்கலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பத்திப் பார்க்கிற ஆசையைப் பற்றி. மற்றவர் பத்தினது என்பதில் பயமில்லை, மேலே சொன்னபடி செய்தால் சுத்தம்தான். ஆனால் சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஒன்றும் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வாய்க்கும் நாக்குக்கும் தொண்டைக்கும் புற்றுநோய் அதனாலும் வருகிறது. எங்கள் ஊர்ச் சுருட்டுப் பத்தின கிழவர்களைக் கண்டவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

எல்லாம் முடிந்ததும் ஜன்னலோரக் கண்ணாடி அலுமாரியில் வைத்துவிடாதீர்கள், அந்த வெளிச்சத்தில் தண்டு மறுபடி பச்சையாகும். பிளாஸ்ரிக் பையும் வேண்டாம், உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். துணிப்பையில் போட்டு லாச்சிக்குள் வையுங்கள், தண்டைக் கழற்றி வேறாக வைத்தால் இன்னும் நல்லது. ஒரு கிழமை காய்ந்தபிறகும் மணம் இருந்தால் கிணற்றை மறுபடி பாருங்கள், குழியை அல்ல.