பன்னிரண்டாவது கை

மருத்துவக் கல்வி பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். கல்லூரிகளின் பெயரையும் எழுதியவர்களின் பெயரையும் நீக்கிவிட்டேன். நாகர்கோவிலில் ஒரு பெயரைச் சொன்னால் அவருடைய மாமனார் யார் என்பதுவரை கண்டுபிடித்துவிடுவார்கள்.

மண்ணீரல் வீங்கிய ஒரு பாட்டியை வார்டு வகுப்பில் பன்னிரண்டு பேர் வரிசையாகத் தொட்டுப் பார்த்தோம். நான் கடைசி. என் முறை வந்தபோது பாட்டி கண்ணை மூடிக்கொண்டு "போதும் மக்களே" என்றார். சார் அருகில் நின்றதால் நானும் தொட்டேன். நான் செய்தது சரியா? (மூன்றாம் ஆண்டு மாணவி)

சரியில்லை. ஆனால் தவறில் பெரிய பங்கு உங்களுடையது அல்ல, அருகில் நின்றவருடையது. "போதும் மக்களே" என்றால் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன் என்று பொருள். நம் ஊரில் வயதானவர்கள் அதைவிடக் கடுமையாகச் சொல்ல மாட்டார்கள். கட்டில் கிடைத்ததே பெரிது என்று படுத்திருப்பவர் மாணவர்களை மறுக்கவும் மாட்டார். மறுத்தால் மருந்து நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு உண்டு. பயிற்சிக்கு உடன்படாவிட்டாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னார்களா?

ஒரு வயிற்றுக்கு மூன்று கைகள் போதும். மற்றவர்கள் வேறு நோயாளியிடம், வேறு நாளில் கற்கலாம். மேலும், பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் சரியாகத் தொட்டார்கள் என்பதும் எனக்குச் சந்தேகம். வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கி, இடது விலா நோக்கிச் சாய்வாக நகர்ந்து, நோயாளி மூச்சை ஆழமாக இழுக்கும்போது காத்திருந்தால் மண்ணீரல் தானே வந்து விரலைத் தொடும். விலாவுக்கு அடியில் விரலைக் குத்தித் தேடுவது பொறுமையில்லாதவன் வேலை. வலி அங்கேதான் தொடங்குகிறது.

எனக்குக் கற்பித்த ஒருவர் நோயாளியைத் தொடும் முன் தன் கையைத் தன் கழுத்தில் ஒரு நொடி வைத்துப் பார்ப்பார். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பார்த்து முடித்ததும் விலகிய சேலையைத் தானே இழுத்துவிடுவார். இதைப் பற்றி ஒரு நாளும் அவர் வகுப்பு எடுத்ததில்லை. நான் ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் என் கை இன்னும் கழுத்துக்குப் போகிறது. 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 'ஏட்காம்' என்ற பெயரில் மனப்பாங்கும் அறநெறியும் நோயாளியோடு பேசும் முறையும் தனிப் பகுதியாக இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அந்த வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்டதை, வார்டில் பத்து நிமிடம் பார்ப்பது அழித்துவிடும்.

இன்று மாலை ஸ்டெதாஸ்கோப் இல்லாமல் போய் அந்தப் பாட்டியிடம் ஐந்து நிமிடம் உட்காருங்கள். அடுத்த முறைக்கு ஒரு வாக்கியம் தருகிறேன்: "சார், அம்மாவுக்கு வலிக்கிறது, நான் நாளைக்குக் கேட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்." இதற்குக் கோபப்படும் ஆசிரியர் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இரவுப் பணியில் நோயாளிகளின் மூச்சை எண்ணாமலே "எல்லாருக்கும் 18 போடு" என்று சீனியர் அக்கா சொல்கிறார். (நர்சிங் இரண்டாம் ஆண்டு)

அந்தச் சார்ட்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு வார்டு முழுக்க ஒரே தாளத்தில் மூச்சுவிடும் அதிசயம். நோயாளி மோசமாகும்போது ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே பல சமயம் மூச்சு வேகமெடுத்துவிடும். அதாவது, முதலில் கூப்பிடும் மணியைத்தான் நீங்கள் கழற்றி வைக்கிறீர்கள்.

நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். இருபது கட்டில் என்றால் இருபது நிமிடம். நேரமில்லாவிட்டால் 'எடுக்கவில்லை' என்று காரணத்தோடு எழுதுங்கள். காலிக் கட்டம் பொய் சொல்லாது. ஆள் பற்றாக்குறை உண்மைதான். அதை மேலிடத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், சார்ட்டுக்குள் புதைக்கக் கூடாது. சீனியரிடம் வாதம் வேண்டாம். "எண்ணிவிட்டே எழுதுகிறேன் அக்கா" என்பதோடு நிறுத்துங்கள்.

நான் வட மாவட்டத்துக்காரன். இங்கே நோயாளிகள் பேசுவது பாதி புரியவில்லை. கேஸ் ஷீட்டைத் தப்பாக எழுதித் திட்டு வாங்குகிறேன். (ஹவுஸ் சர்ஜன்)

திட்டுவதற்குப் பதில் உங்கள் யூனிட்டில் யாராவது ஒரு பட்டியல் எழுதித் தந்திருக்கலாம். ரப்பர் பால் வெட்டும் ஒருவர் "இளைப்பு" என்றார். வெளியூர் டாக்டர் 'உடல் எடை குறைவு' என்று எழுதிக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பினார். அந்த மனிதர் சொன்னது மூச்சிரைப்பை. 'குறுக்கு' என்றால் இடுப்பின் பின்பக்கம். 'தீனம்' என்றால் நோய். 'பண்டுவம்' என்றால் சிகிச்சை. ஏற்கெனவே பண்டுவம் பார்த்தாயிற்று என்றால் என்ன மருந்து, யாரிடம் என்று கேட்டே ஆக வேண்டும். விளவங்கோடு பக்கத்திலிருந்து வருபவர்கள் பேச்சில் மலையாளமும் கலந்திருக்கும்.

கேட்டதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். வெட்கமில்லை. அதோடு, அவர் சொன்ன சொல்லையே மேற்கோள் குறிக்குள் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பின்னால் பார்ப்பவராவது பிழையைப் பிடிப்பார்.

அப்பாவின் சர்க்கரைப் புண் படம் ஒரு மாணவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்திருக்கிறது. முகம் இல்லை, ஆனால் கையில் பச்சை குத்திய பெயர் தெரிகிறது. (நோயாளியின் மகன்)

பெயர் தெரிந்தால் அடையாளம் தெரிந்ததுதான். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள், அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கின்றன. மருத்துவ இதழுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், சினிமாப் பாட்டுக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவே போடுவதை என்ன சொல்ல? மாணவர் இன்னும் பதிவு பெற்ற மருத்துவர் அல்லர் என்பதால் புகாரைக் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். அந்த யூனிட்டின் தலைவரும் பதில் சொல்ல வேண்டியவர். அதே விதிமுறைகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அப்பாவின் சிகிச்சை ஆவணங்களும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

புதிதாக உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். ஸ்லைடு போட்டுப் பேசினால் கடைசி வரிசை தூங்குகிறது. ரவுண்ட்ஸிலோ நேரமே இல்லை. எப்படிக் கற்பிப்பது?

ஸ்லைடில் இருப்பதை வாசித்தால் நானும் தூங்குவேன். ரவுண்ட்ஸுக்கு வருவோம், அங்கேதான் உங்கள் கையில் சரக்கு இருக்கிறது.

1992-இல் நெஹர் என்ற குடும்ப மருத்துவ ஆசிரியரும் அவருடைய சகாக்களும் ஐந்து படிகளில் ஒரு முறையை எழுதினார்கள். ஒரு நோயாளிக்குச் சில நிமிடம் கிடைத்தாலும் நடத்தலாம். மாணவர் நோயாளியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் உடனே விடையைக் கொட்டாதீர்கள். "என்ன நோய் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டு அவரை ஒரு முடிவில் நிற்க வையுங்கள். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்பது அடுத்தது. பிறகு பொதுவான ஒரு விதியைக் கற்றுக்கொடுங்கள், ஒன்றே ஒன்று. சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். கடைசியாகத் தவறைத் திருத்துங்கள்.

நம் ஆசிரியர்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். அதுவும் நோயாளி கேட்கும்படி. "இதுகூடத் தெரியாதா, நீயெல்லாம் எதற்கு வந்தாய்?" என்று நானே கத்தியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பையனிடம் ஊசி போட்டுக்கொள்ள நோயாளி மறுத்துவிட்டார். நியாயம்தானே? திருத்தத்தை வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மிகக் கடினம். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். உங்களுக்கே விடை தெரியாதபோது "தெரியாது, பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று மாணவர் முன்னால் சொல்லுங்கள். மறுநாள் மறக்காமல் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் விட்டால் முதல் நாள் சொன்னதே நடிப்பு என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

விடுதியில் சீனியர்கள் ராத்திரி எழுப்பி அசைன்மென்ட் எழுத வைக்கிறார்கள். மகன் புகார் கொடுக்க வேண்டாம் என்கிறான். (ஒரு தாய்)

கொடுங்கள் அம்மா. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டபின் தமிழ்நாடு 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில், பெயரைச் சொல்லாமலும் புகார் செய்யலாம்.

என் தாத்தா வர்ம ஆசான். வகுப்பில் ஒரு பேராசிரியர் வர்மத்தைக் கேலி செய்தார். எனக்குக் கோபம். (இரண்டாம் ஆண்டு மாணவர்)

கேலி பாடமாகாது, அவர் கேட்டிருக்க வேண்டியது சான்று. அதை நீங்களும் கேட்க வேண்டும், தாத்தாவிடமே. 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 வர்மப் புள்ளிகளின் கணக்கை ஒப்பிப்பது எளிது. எந்த அடிக்கு எந்த இளக்குமுறை (அடியின் பாதிப்பை நீக்கும் முறை), எத்தனை பேருக்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்படவில்லை என்று எழுதிவைத்திருக்கிறாரா? பெரும்பாலான ஆசான்கள் எழுதவில்லை. ரகசியம் காத்ததால் தவறும் சேர்ந்தே மறைந்தது.

ஆனால் ஒன்றைப் பேராசிரியருக்குச் சொல்லலாம். உயிருக்கு ஆபத்தான படுவர்மத்தை ஆசான் முதல் நாளே காட்டுவதில்லை. சீடனின் கோபத்தையும் குணத்தையும் ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தபிறகுதான். நாமோ நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு, கத்தியைக் கையில் கொடுத்தபின் குணத்தைப் பற்றி யோசிக்கிறோம்.

டிஸ்சார்ஜ் ஆன நோயாளியின் வீட்டார் ஒரு குலை மட்டிப்பழம் கொண்டுவந்தார்கள். வாங்கலாமா? (ஹவுஸ் சர்ஜன்)

மருந்து கம்பெனிக்காரர் தந்தால் பேனாகூட வேண்டாம். டிஸ்சார்ஜுக்கு முன்னால் என்றாலும் வேண்டாம், பக்கத்துக் கட்டில்காரர் தானும் ஏதாவது தர வேண்டுமோ என்று கணக்குப் போடுவார். சிகிச்சை முடிந்தபின், தங்கள் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பினால் அவர் முகம் வாடிவிடும். வாங்கி, அவர் எதிரிலேயே வார்டில் எல்லாருக்கும் பகிர்ந்துவிடுங்கள், துப்புரவுப் பணியாளர் உட்பட. சர்க்கரை நோயாளிகளின் கட்டிலைத் தாண்டிப் போங்கள். மிச்சத்தை டியூட்டி ரூம் அலமாரியில் வைக்காதீர்கள். எறும்பு வந்தால் சிஸ்டர் முதலில் உங்களைத்தான் தேடுவார்.